பிள்ளைகளோடு விமானம் மாறும்போது பெட்டியும் சுங்கமும் சிக்கினால்

கட்டுநாயக்க விமான நிலையத்தில் ஏறி, இன்னொரு நாட்டில் விமானம் மாறிப் போகிற குடும்பங்களுக்கு வரும் தொல்லைகள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை. பெட்டி டாக்கில் அச்சாகியிருக்கும் ஊர் ஒன்று, சுங்கம் பெட்டியைப் பார்க்கும் ஊர் ஒன்று, டிக்கெட் முடிகிற ஊர் இன்னொன்று. மூன்றும் ஒன்றாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம். ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டு போகிறவர்கள்தான் மாட்டுகிறார்கள். கீழே அறிகுறி வாரியாக இருக்கிறது. உங்களுக்கு நடப்பது எதுவோ அந்தத் தலைப்புக்கு நேரே போங்கள்.

## அறிகுறி 1: "பெட்டியைக் கடைசி ஊர் வரை போட முடியாது" என்கிறார்கள்

இ-டிக்கெட் தாளை எடுத்து டிக்கெட் இலக்கத்தைப் பாருங்கள். 13 இலக்கம் இருக்கும். பி.என்.ஆர். என்ற பதிவுக் குறிப்பின் எழுத்துக்களை நம்ப வேண்டாம். ஒரே பி.என்.ஆருக்குள் இரண்டு தனித்தனி டிக்கெட் போட்டுக் கொடுக்கிற முகவர்கள் உண்டு.

எல்லா விமானமும் ஒரே டிக்கெட் இலக்கத்தில் இருந்தால்: பெரும்பாலும் கவுண்டரில் இருப்பவரின் திரையில் அடுத்த பயணம் வந்து சேரவில்லை. தாளைக் காட்டி, அடுத்த விமானத்தையும் சேர்த்து டாக் போடச் சொல்லுங்கள். இதற்குச் செலவில்லை. அப்படியும் முடியாது என்றால் இரண்டு காரணங்களைப் பாருங்கள். வழியில் 24 மணித்தியாலத்துக்கு மேல் தங்கல் இருந்தால் பெட்டியை அந்த ஊரோடு நிறுத்துவார்கள். ஒரே நகரத்துக்குள் விமான நிலையம் மாறினாலும் (லண்டனில் ஹீத்ரோவில் இறங்கி கட்விக்கில் ஏறுவது போல) பெட்டியை நீங்கள்தான் இழுத்துக்கொண்டு போகவேண்டும்.

டிக்கெட் இரண்டு என்றால்: முதல் விமானம் உங்களை இறக்கிவிடுவதோடு தன் பொறுப்பை முடித்துக்கொள்ளலாம். வழியிலுள்ள நாட்டுக்குள் நுழைந்து, பெட்டியை எடுத்து, புறப்படும் மண்டபத்துக்குப் போய், புதிதாகச் செக்-இன் செய்யவேண்டும். நுழைய விசா இருக்கிறதா? இலங்கைப் பாஸ்போட்டுக்கு இந்தியாவுக்கும் டுபாய்க்கும் விசா வேண்டும், கைக்குழந்தைக்கும் தனி விசா. சிங்கப்பூருக்கு விசா தேவையில்லை, ஆனால் வருகை அட்டையை இறங்குவதற்கு முன்னான மூன்று நாட்களுக்குள் இணையத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் நிரப்பியிருக்க வேண்டும். விசா இல்லாவிட்டால் கட்டுநாயக்கவிலேயே போர்டிங் பாஸ் தரமாட்டார்கள்.

சென்னை வழியாக இரண்டு டிக்கெட்டில் போகிறவர்களுக்குப் பாரத்தாலும் ஒரு அடி விழும். கொழும்பிலிருந்து 30 கிலோ கொண்டுவந்திருப்பீர்கள். இந்திய உள்நாட்டு விமானத்தில் சாதாரண டிக்கெட்டுக்கு ஓராளுக்கு 15 கிலோதான். ஒரே டிக்கெட்டாக இருந்தால் வெளிநாட்டுப் பயணத்தின் அளவே உள்நாட்டுக்கும் தொடரும். நான்கு பேர் கொண்ட குடும்பம் கட்டும் மேலதிகப் பாரக் காசு, இரண்டு டிக்கெட் எடுத்து மிச்சம் பிடித்ததை விழுங்கிவிடும். மலிவு என்று பிரித்து எடுக்கிற டிக்கெட் தனி ஆளுக்குச் சரி. கைக்குழந்தையோடு போகிற வீட்டுக்கு அது மலிவே இல்லை.

வழியில் வெளியே போகாவிட்டாலும் விசா கேட்கும் இடங்கள்: இலங்கைப் பாஸ்போட்காரர்கள் ஷெங்கன் நாடுகளில் (ஒரே விசாவில் போகக்கூடிய ஐரோப்பிய நாடுகள்) விமானம் மாறுவதற்கே விமான நிலைய இடைத்தங்கல் விசா எடுக்கவேண்டும். பிரித்தானியாவும் அப்படித்தான். கனடா, அமெரிக்க விசா அல்லது வதிவிட அனுமதி வைத்திருப்பவர்களுக்கு விலக்கு உண்டு. பெற்றோரிடம் அது இருந்து பிள்ளையிடம் இல்லாவிட்டால் பிள்ளைக்கு விலக்கு இல்லை. அமெரிக்காவில் மாறிப் போகிறவர்களுக்கு இடைத்தங்கல் சலுகை எதுவும் கிடையாது, அமெரிக்க விசா வேண்டும்.

எப்போது ஆளைப் பிடிப்பது: டிக்கெட்டை ஒன்றாக்குவது கவுண்டரில் நடக்கிற வேலையல்ல. பயணத்துக்குக் குறைந்தது இரண்டு நாள் முன்னால், டிக்கெட் தந்த முகவரிடமோ விமானக் கம்பனியின் டிக்கெட் அலுவலகத்திலோ முடிக்கவேண்டும். கவுண்டரில் சிக்கிவிட்டால் அங்குள்ள பணிநேர மேலாளரைக் கேளுங்கள். வரிசையில் இருப்பவரோடு வாதாடிப் பயனில்லை, அவருடைய கணினி அவருக்கு இடம் தராது.

கவுண்டரை விட்டு விலகுமுன்: டாக்கில் பெரிதாக இருக்கும் மூன்றெழுத்தைப் படியுங்கள். டொரொன்டோவுக்கு ஒய்.ஒய்.இஸட்., மெல்பேர்ணுக்கு எம்.இ.எல்., சூரிச்சுக்கு இஸட்.ஆர்.எச். கடைசி ஊர் அதுதானா? பெட்டிக்கு ஒன்றாக ஒட்டுத்துண்டு வந்திருக்கிறதா என்று எண்ணுங்கள். குடும்பத்தின் எல்லாத் துண்டையும் ஒரே போர்டிங் பாஸின் பின்னால் ஒட்டிவிடுவார்கள். அதைப் படம் பிடித்து இரண்டு பெரியவர்களின் ஃபோனிலும் வைத்துக்கொள்ளுங்கள். பெட்டிகள் யார் பெயரில் பதியப்பட்டிருக்கின்றன என்றும் கேளுங்கள். எல்லாம் அப்பாவின் பெயரில் ஏறியிருந்து, வழியில் அப்பா வேறு விமானத்துக்கு மாற்றப்பட்டால் பெட்டி அவருக்குப் பின்னால் போகும். பம்பர்ஸும் பால்மாவும் அதோடு போகும்.

## அறிகுறி 2: டாக்கில் கடைசி ஊர் இருக்கிறது, ஆனாலும் வழியில் பெட்டியை எடுக்கச் சொல்கிறார்கள்

இது பிழையல்ல. அந்த நாட்டின் சுங்கம் முதல் இறங்குமிடத்திலேயே பெட்டியைப் பார்க்கிறது. எடுக்காமல் அடுத்த விமானத்துக்கு ஓடினால் பெட்டி அங்கேயே நிற்கும்.

அமெரிக்கா: முதல் இறங்கும் ஊரில் பெரும்பாலும் எடுக்கவேண்டும். ஒரு விலக்கு, அபுதாபியில் இருந்து நேரே போகிறவர்களுக்கு. அமெரிக்கக் குடிவரவும் சுங்கமும் அபுதாபியிலேயே முடிந்து, அங்கே உள்நாட்டுப் பயணிபோல இறங்குவீர்கள். சிறுபிள்ளைகளோடு போகிறவர்களுக்கு அந்த வழி நல்லது. ஆனால் அபுதாபியில் வரிசை நீளம், மூன்று மணித்தியாலமாவது இடைவெளி வேண்டும்.

அவுஸ்திரேலியா: மெல்பேர்ணில் இறங்கி அடிலெய்டோ பேர்த்தோ போவதென்றால் மெல்பேர்ணில் பெட்டி எடுத்து, உயிர்ப்பாதுகாப்புச் சோதனை (உணவு, விதை, செடி போன்றவற்றுக்கானது) முடித்து, உள்நாட்டுப் பகுதியில் மறுபடி போடவேண்டும்.

இந்தியா: வெளிநாட்டு விமானத்தில் இறங்கி உள்நாட்டு விமானம் ஏறுவதென்றால் முதல் ஊரில் சுங்கம் என்பதே பொது வழக்கம். வெளிநாட்டிலிருந்து வந்து இன்னொரு வெளிநாடு போகிறவர்களுக்கு, டாக் கடைசி ஊர் வரை இருந்தால், இது இல்லை.

கனடா: பொதுவாக முதல் ஊரில் எடுக்கவேண்டும். சில விமானங்களுக்கு, சில நிலையங்களில் தேவையில்லை. கட்டுநாயக்கவில் ஒரு தரம், விமானத்துக்குள் ஒரு தரம், இறங்கியதும் திரையில் ஒரு தரம் என்று மூன்று தரம் உறுதிப்படுத்துங்கள்.

ஐரோப்பிய ஒன்றியம்: இங்கே தலைகீழ். டோஹாவிலிருந்து பிராங்பேர்ட் போய் அங்கிருந்து பாரிஸ் போவதென்றால், கைப்பொதியைப் பிராங்பேர்ட்டிலும் பெட்டியைப் பாரிஸிலும் சுங்கம் பார்க்கும். குடிவரவு முதல் ஊரில். பெட்டியைத் தேடிப் பிராங்பேர்ட்டில் நிற்கவேண்டாம்.

எடுத்து மறுபடி போடும் ஒழுங்கு, பிள்ளைகளோடு:

1. விமானத்தால் இறங்கியதும், குடிவரவு வரிசைக்கு முன்னாலேயே கழிப்பறை. வரிசைக்குள் போனபின் திரும்பி வரமுடியாது.
2. குடிவரவு மண்டபத்தில் ஃபோன் பாவிக்க விடமாட்டார்கள். ஆள் பிரிந்தால் எங்கே சந்திப்பது என்று முன்னரே பேசிக்கொள்ளுங்கள். "எங்கள் பெட்டி வருகிற பெல்ட்டுக்குப் பக்கத்தில்" என்பது போதும்.
3. பெல்ட்டில் ஒருவர் நிற்க, மற்றவர் பிள்ளைகளை ட்ரொலிகளுக்கு அப்பால் இருத்தி வையுங்கள். பிள்ளையைப் பெல்ட் விளிம்பில் ஏற்றாதீர்கள். ஸ்ட்ரோலரும் கார் சீட்டும் பெரும்பாலும் பெல்ட்டில் வராமல் பெரிய பொருட்கள் தரும் பக்கக் கதவால் வரும்.
4. டூட்டி ஃப்ரீயில் வாங்கிய போத்தல், வழியில் தேவைப்படாத, 100 மில்லியைத் தாண்டிய சிரப், வாசனைத்திரவம் எல்லாவற்றையும் இப்போதே பெட்டிக்குள் வையுங்கள். அடுத்த பாதுகாப்புச் சோதனையில் அவை போய்விடும். இந்தப் படியை மறப்பவர்கள்தான் அதிகம்.
5. சுங்க வாசலைத் தாண்டியதும் மாற்றுப் பயணிகளுக்கான (விமானம் மாறுகிறவர்களுக்கான) பெல்ட் இருக்கும். டாக் கடைசி ஊர் வரை இருந்தால் அதில் வைத்துவிட்டுப் போகலாம், கவுண்டர் வரிசை தேவையில்லை. டிக்கெட் வேறென்றால் புறப்படும் மண்டபம் வரை போகவேண்டும்.

இந்த ஐந்துக்கும் இரண்டு பிள்ளைகளோடு இரண்டரை மணித்தியாலம் இல்லாமல் டிக்கெட் போடாதீர்கள். விற்கிற கணினி 75 நிமிடத்தையும் போதும் என்றே காட்டும். அந்தக் கணக்கில் பம்பர்ஸ் மாற்றும் நேரம் இல்லை.

## அறிகுறி 3: இடைத்தங்கலில் பால், சிரப், சீலிட்ட பை நிறுத்தப்படுகிறது

கட்டுநாயக்கவில் விட்டது டோஹாவிலும் விடும் என்ற விதி இல்லை. மாறும் ஊரில் கைப்பொதி மறுபடி ஸ்கேன் ஆகும்.

முதற்காரணம் எளிது: பிள்ளைப் பாலும் மருந்தும் மற்றச் சாமான்களுக்குள் புதைந்து கிடக்கின்றன. 100 மில்லி எல்லையிலிருந்து குழந்தை உணவுக்கும் மருந்துக்கும் விலக்கு உண்டு. ஆனால் அதை நீங்கள் வெளியே எடுத்து, பிள்ளையோடு சேர்த்துக் காட்டவேண்டும். பயண நேரத்துக்குத் தேவையான அளவுதான் கணக்கு. பத்து மணித்தியாலப் பயணத்துக்கு மூன்று லீட்டர் பால் கொண்டுபோனால் கேள்வி வரும். பால்மாவை ஒரு வேளைக்கு ஒரு சிறு பையாகப் பிரித்து எடுங்கள். ஃபிளாஸ்க்கை வெறுமையாகக் கொண்டுபோய் உள்ளே சுடுதண்ணி கேளுங்கள். விமானத்தில் தருவார்கள்.

பரசிட்டமோல் சிரப்பைக் கடைப்பெட்டியோடு வையுங்கள். வேறு மருந்தென்றால் வைத்தியரின் துண்டு ஆங்கிலத்தில் வேண்டும். டுபாய், அபுதாபி வழியாகப் போகிறவர்கள் கோடீன், ட்ரமடோல் சேர்ந்த பெரியவர்களின் மருந்துகளை அனுமதியின்றித் தொடவே வேண்டாம். கசகசா ஒரு பொட்டலமும் வேண்டாம். அது அமீரகத்திலும் சிங்கப்பூரிலும் தடை.

பிள்ளையின் பொம்மைப் பையையும் பாருங்கள். ஸ்லைம், களிமண் பசை, தண்ணீர் நிரம்பிய கண்ணாடி உருண்டை எல்லாம் திரவக் கணக்கில் போகும். விளையாட்டுத் துவக்கு, சிறியதானாலும், போய்விடும். அழுகை மிச்சம்.

மிளகாய்த்தூள் கைப்பையில் வேண்டாம். அமெரிக்கா போகும் விமானங்களில் 350 மில்லி அளவுக்கு மேற்பட்ட தூளைத் தனியாகச் சோதிப்பார்கள், தெளியாவிட்டால் விடமாட்டார்கள். பால்மாவுக்கு அந்தத் தொல்லை இல்லை.

டூட்டி ஃப்ரீ சீலிட்ட பை திறந்திருந்தாலோ ரசீது உள்ளே தெரியாவிட்டாலோ போத்தல் போனது போனதுதான். வாதாடி விமானத்தை விடாதீர்கள்.

## அறிகுறி 4: ஸ்ட்ரோலர் விமான வாசலில் வரவில்லை

வாசலில் கொடுத்தபோது ஒட்டிய டாக்கைப் பாருங்கள். கடைசி ஊர் அச்சாகியிருந்தால் அது பெட்டிகளோடு அங்கேதான் போகும். இடையில் தரமாட்டார்கள். மாறும் ஊர் என்றிருந்தால் பத்துப் பதினைந்து நிமிடம் வாசலிலேயே நில்லுங்கள், ஏனென்றால் அது கடைசியாகத்தான் மேலே வரும். இரண்டுமில்லை என்றால் பெல்ட் பகுதிக்குப் போயிருக்கும், மாற்றுப் பயணிகள் மேசையில் கேளுங்கள்.

முன்கூட்டியே செய்யக்கூடியது: கட்டுநாயக்க வாசலில் கொடுக்கும்போது "மாறும் ஊரில் கையில் வேண்டும்" என்று சொல்லி டாக்கைப் படித்துப் பார்ப்பது. டுபாயிலும் சிங்கப்பூர் சாங்கியிலும் உள்ளே இலவச வண்டில் கிடைக்கும். அதனால் அங்கே மாறுகிறவர்கள் கடைசி ஊர் வரை விட்டுவிடலாம். கைக்குழந்தைக்கு ஒரு துணித்தூளி கைப்பையில் இருந்தால் இந்தத் தலைப்பே தேவைப்படாது.

## அறிகுறி 5: சுங்கத்தில் உணவுக்காக நிறுத்துகிறார்கள்

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் கட்டும் பெட்டியில் பாதி உணவுதான். பிடிபடுவது பொருளுக்காக மட்டுமல்ல, அறிவிக்காததற்காகவும். அறிவித்தால் மிஞ்சிப்போனால் எறிவார்கள். அறிவிக்காமல் பிடிபட்டால் தண்டம். அமெரிக்காவில் அது சட்டப்படி 10,000 டொலர் வரை போகலாம். சுங்க அறிவிப்பு அட்டையில் "உணவு இருக்கிறதா" என்ற இடத்தில் பிள்ளையின் பிஸ்கட்டுக்கும் சேர்த்து "ஆம்" போடுங்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் ஒரே வீட்டார் ஒரே அறிவிப்பாகக் கொடுக்கலாம். அதாவது அம்மம்மா தன் பையில் ரகசியமாக வைத்ததற்கும் கையெழுத்துப் போட்டவர்தான் பொறுப்பு.

கைப்பையிலுள்ள இறைச்சி: வழிச்சாப்பாட்டு மட்டன் ரோல்ஸை விமானத்துக்குள்ளேயே தின்று முடியுங்கள். ஐரோப்பா, பிரித்தானியா, அமெரிக்கா, அவுஸ்திரேலியா எங்கேயும் இறங்கும்போது அது கையில் இருக்கக்கூடாது.

பால் சார்ந்தவை: ஐரோப்பிய ஒன்றியத்துக்கு நெய் கூடாது. குழந்தைப் பால்மாவும் குழந்தை உணவும் ஆளுக்கு 2 கிலோ வரை சரி. குளிரூட்டத் தேவையில்லாததாக, கம்பனிப் பொதியில் சீல் உடையாததாக இருக்கவேண்டும். பாவனையில் இருக்கும் ஒன்று திறந்திருக்கலாம்.

கருவாடு, மாசி: பலர் பயப்படுகிறார்கள், தேவையில்லை. ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் பிரித்தானியாவுக்கும் மீன் பொருட்கள் 20 கிலோ வரை அனுமதி. அறிவியுங்கள், மூன்று மடிப்பு பொலித்தீனில் கட்டுங்கள். மணம் வந்தால் பெட்டி திறக்கப்படும்.

பச்சையாக உள்ளவை: கறிவேப்பிலை, முருங்கையிலை, மாம்பழம் சான்றிதழ் இல்லாமல் ஐரோப்பாவுக்குப் போகாது. வாழைப்பழம், அன்னாசி, தேங்காய்க்கு அங்கே விலக்கு உண்டு. அமெரிக்கா கறிவேப்பிலையை எலுமிச்சைக் குடும்பம் என்பதற்காகவே எடுத்துவிடும்.

அரிசியும் தானியமும்: கப்ரா என்ற வண்டுக்குப் பயந்து அமெரிக்கா இங்கிருந்து போகும் அரிசியைப் பொதியில் விடுவதில்லை. அவுஸ்திரேலியா 2020இலிருந்து இன்னும் கடுமை: அரிசி, பயறு, கடலை, சீரகம், பெருஞ்சீரகம், கொத்தமல்லி, காய்ந்த மிளகாய் எதுவும் பொதியில் போகமுடியாது. மூட்டை கட்டும் மாமிக்கு இதை விளங்கவைப்பதுதான் கடினமான பகுதி. அங்குள்ள கடைகளில் எல்லாம் கிடைக்கிறது.

கொப்பரா: இந்தியா வழியாகப் போகும் பெட்டியில் வைத்தால் பெட்டி நிற்கும். எண்ணெய் கூடிய காய்ந்த தேங்காய் தானாகத் தீப்பிடிக்கும் பொருளாகக் கணக்கிடப்படுகிறது.

எப்போது ஆளைப் பிடிப்பது: தண்டம் எழுதிய தாள் தந்தால் அங்கேயே சண்டை வேண்டாம். தாளின் பின்பக்கத்தில் மேன்முறையீட்டு வழி இருக்கும். விசாவில் போகிறவர்கள் பொய் அறிவிப்பு என்று எழுதப்பட்டிருந்தால் அந்த நாட்டிலுள்ள குடிவரவு வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டவேண்டும். அவுஸ்திரேலியாவில் இதற்காக விசாவையே இரத்துச் செய்யலாம்.

## அறிகுறி 6: "இந்தப் பிள்ளை உங்களுடையதா?" என்று நிறுத்தி வைக்கிறார்கள்

நம்முடைய பெயர் வழக்கம்தான் காரணம். பிள்ளையின் குடும்பப்பெயர் இடத்தில் அப்பாவின் பெயர். அம்மாவின் குடும்பப்பெயர் இடத்தில் அவருடைய அப்பாவின் பெயர். அப்பாவின் இடத்தில் தாத்தாவின் பெயர். நான்கு பேர், மூன்று குடும்பப்பெயர். பார்க்கும் அதிகாரிக்கு இவர்கள் ஒரு வீடு என்று தெரியாது.

- எல்லோரும் சேர்ந்து போகிறீர்கள்: ஒரே வரிசையில், ஒரே மேசைக்குப் போங்கள். பிள்ளைகளை இரண்டாகப் பிரித்துக்கொண்டு வெவ்வேறு வரிசையில் நிற்பதால் நேரம் மிஞ்சாது.
- அம்மா மட்டும் பிள்ளைகளோடு: பிறப்புச் சான்றிதழும் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பும். சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் செய்தது வேண்டும். திருமணச் சான்றிதழ் பிரதியும் உதவும்.
- மற்றப் பெற்றோரின் சம்மதம்: சத்தியக்கடதாசியாக நொத்தாரிசு முன் எழுதி, பயண நாட்கள், விமான இலக்கங்கள், தங்கும் முகவரி, சம்மதிப்பவரின் ஃபோன் இலக்கம் சேர்த்து, பாஸ்போட் பிரதியோடு. கனடாவில் இதைக் கேட்பது வழமை.
- தாத்தா பாட்டியோடு: இரண்டு பெற்றோரின் சம்மதமும் வேண்டும். ஒருவர் காலமாகியிருந்தால் மரணச் சான்றிதழ். பிரிந்திருந்தால் நீதிமன்றக் கட்டளை.

வெளிநாட்டில் அத்தாட்சி கேட்பார்கள் என்று தெரிந்தால் ஆவணங்களைப் பத்தரமுல்லை சுகுருபாயவிலுள்ள வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் பிரிவில் உறுதிப்படுத்திக்கொள்ளலாம். பிள்ளையின் கட்டுக்காவல் பற்றி வழக்கு நடக்கிற வீடென்றால் வழக்கறிஞரிடம் கேட்காமல் டிக்கெட் எடுக்காதீர்கள். விமான நிலையத்தில் அதற்கு மருந்து இல்லை.

டிக்கெட்டிலுள்ள பெயர் ஒழுங்கும் பாஸ்போட்டின் ஒழுங்கும் ஒன்றா என்று வீட்டிலிருக்கும்போதே பாருங்கள். பிள்ளை பயணத்தின் நடுவில் இரண்டு வயதைத் தாண்டினால் திரும்பும் பயணத்துக்கு மடி டிக்கெட் செல்லாது, இருக்கை வாங்கவேண்டும்.

## அறிகுறி 7: முதல் விமானம் பிந்தி, அடுத்ததைத் தவறவிட்டாயிற்று

ஒரே டிக்கெட் என்றால் அடுத்த இடம் தருவது அவர்கள் பொறுப்பு. மேசையில் கேட்கவேண்டியவை: பெட்டி இப்போது எங்கே, புதிய விமானத்துக்கு மாறிவிட்டதா, இரவு தங்கினால் அதைக் கையில் எடுக்கவேண்டுமா. மூன்றாவதற்கு "எடுத்துத் தருகிறோம்" என்றாலும் யோசியுங்கள். கீழிருந்து தேடி எடுக்க இரண்டு மூன்று மணித்தியாலம் ஓடிவிடும், பிள்ளை தரையில் உறங்கும். கைப்பையில் ஒரு நாளைக்கு வேண்டியது இருந்தால் பெட்டியை விட்டுவிட்டு ஹோட்டலுக்குப் போவதே நல்லது. அதற்காக எண்ணிக்கை: ஆறு மணித்தியாலத்துக்கு மூன்று பம்பர்ஸ் வீதம் ஒரு நாளைக்கு, பிள்ளைக்கு இரண்டு மாற்றுடுப்பு, பெரியவர்களுக்கு ஒரு மேற்சட்டை. இந்த மேற்சட்டையை எல்லோரும் மறக்கிறார்கள், வாந்தி பெரியவர் மேல்தான் விழும்.

புதிய போர்டிங் பாஸ் வந்ததும் எண்ணுங்கள். மறுபதிவில் மடிக்குழந்தையின் பெயர் விடுபடுவது அடிக்கடி நடக்கும். ஏறும் வாசலில் தெரியவந்தால் முழுக் குடும்பமும் நிற்கவேண்டியதுதான். இருக்கைகள் சிதறியிருந்தாலும் அங்கேயே சொல்லுங்கள்.

டிக்கெட் இரண்டு என்றால் இரண்டாவது கம்பனிக்கு நீங்கள் வராத பயணி. புதிய டிக்கெட் காசு உங்களுடையது. பயணக் காப்புறுதி ஈடுகொடுக்கலாம், முதல் விமானம் பிந்தியதற்கான எழுத்துச் சான்றை அன்றே வாங்குங்கள்.

## அறிகுறி 8: பெல்ட் நின்றுவிட்டது, பெட்டி இல்லை

வெளியே போகுமுன் இந்த ஒழுங்கில் பாருங்கள். முதலில் பெரிய பொருட்களின் பக்கக் கதவு. பிறகு பெல்ட்டுக்குப் பக்கத்தில் இறக்கி வைத்திருக்கும் பெட்டிக் கூட்டம். பிறகு உங்களுடையது போலவே ஒரு பெட்டி யாரும் எடுக்காமல் சுற்றுகிறதா என்று. சுற்றினால் யாரோ உங்களுடையதை எடுத்துப் போயிருக்கிறார்கள். அந்த டாக் இலக்கத்தை அலுவலரிடம் கொடுங்கள். கறுப்புப் பெட்டிகளில் இது சாதாரணம்.

இல்லையென்றால் பெட்டி கட்டுநாயக்கவிலேயே நின்றிருக்கலாம். வழமையான காரணம் உள்ளே வைத்த பவர் பேங்க். அது கைப்பொதியில்தான் போகவேண்டும், 100 வாட்-மணி (Wh) கொள்ளளவுக்குள். பிள்ளையின் டப்லெட்டுக்கென்று எடுத்த இரண்டாவது பவர் பேங்க்தான் பெட்டியில் கிடக்கும்.

பி.ஐ.ஆர். (பெட்டி வரவில்லை என்ற முறைப்பாட்டுத் தாள்) பதியுங்கள். சுங்க வாசலைத் தாண்டுமுன், கடைசியாக உங்களை இறக்கிய விமானத்தின் பொதி மேசையில். கொண்டுபோக வேண்டியவை: ஒட்டுத்துண்டு, போர்டிங் பாஸ், பாஸ்போட், பெட்டியின் படம். பத்து எழுத்திலக்கம் கொண்ட குறிப்பிலக்கம் தருவார்கள்: மூன்றெழுத்து விமான நிலையம், இரண்டெழுத்து கம்பனி, ஐந்து இலக்கம். அதை வைத்து இணையத்தில் தேடலாம். பெட்டிக்குள் ஏர்டாக் (இடம் காட்டும் சிறு கருவி) போட்டிருந்தால் அது காட்டும் இடத்தையும் சொல்லுங்கள்.

வாங்கும் பம்பர்ஸ், பால்மா, உடுப்பு எல்லாவற்றுக்கும் பில் வையுங்கள். தங்குமிடத்து முகவரியைக் கொடுங்கள், வீட்டு முகவரியை அல்ல. மொன்ட்ரியல் ஒப்பந்தப்படி: பெட்டி பிந்தி வந்தால் கையில் கிடைத்து 21 நாளுக்குள் எழுத்தில் கோரவேண்டும். 21 நாளில் வராவிட்டால் தொலைந்ததாகக் கணக்கு. 2024 டிசெம்பர் 28இலிருந்து ஈட்டின் உச்சம் ஒரு பயணிக்கு 1,519 எஸ்.டி.ஆர். (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு). அந்த எல்லை பெட்டிக்கல்ல, ஆளுக்கு. ஒரே பெட்டியில் பலரின் பொருள் இருந்தால் ஒவ்வொருவரும் தம் பொருளுக்குக் கோரலாம் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2012இல் சொல்லியிருக்கிறது, நிரூபிக்கவேண்டியது நீங்கள். அதனால் மூடுமுன் திறந்த பெட்டியை ஒரு படம் எடுங்கள்.

பெட்டி கட்டும்போது ஒரு பெட்டி ஓராளுக்கு என்று பிரிக்காமல், ஒவ்வொன்றிலும் எல்லோருடைய உடுப்பிலும் இரண்டு சோடி வையுங்கள். ஒன்று தொலைந்தால் ஒரு பிள்ளை முழுக்க வெறுங்கையாக நிற்காது.

எப்போது ஆளைப் பிடிப்பது: ஐந்து நாளாகத் தேடலில் மாற்றமில்லை என்றால் பொதி மேசையை விட்டுக் கம்பனியின் தலைமைப் பொதிப் பிரிவுக்கு எழுத்தில். கோரிக்கையை மறுத்தால் வழக்கறிஞர். வழக்குக்கு இரண்டு வருட எல்லை.

## அறிகுறி 9: பெட்டி உடைந்து அல்லது திறந்து வந்திருக்கிறது

பெல்ட்டில் கண்டவுடனே பதியுங்கள். வீட்டில் கண்டால் 7 நாளுக்குள் எழுத்தில். பூட்டு வெட்டியிருந்தால் உள்ளே பாதுகாப்புத் துறையின் அறிவித்தல் தாள் இருக்கிறதா பாருங்கள். சில்லு தேய்ந்ததற்கும் கீறலுக்கும் ஒன்றும் கிடைக்காது.

## அறிகுறி 10: திரும்பி வந்து கட்டுநாயக்கவில் நிறுத்துகிறார்கள்

சிவப்பு வழியா (அறிவிக்க ஏதாவது உள்ளவர்களுக்கு) பச்சை வழியா (ஒன்றுமில்லாதவர்களுக்கு) என்பதைப் பெட்டி எடுத்தபின் யோசிக்காதீர்கள். 15,000 அமெரிக்க டொலருக்கு மேல் பணமிருந்தால் சிவப்பு. ஒரே மாதிரிப் புதுப் பொருள் நாலைந்து (ஃபோன், டப்லெட், மணிக்கூடு) இருந்தால், அவை உறவுக்காரருக்கான அன்பளிப்பென்றாலும், விற்பனைக்கு என்றே பார்ப்பார்கள். அவற்றின் அட்டைப்பெட்டியைக் கழற்றிக் கொண்டுவந்தாலும் பிள்ளையின் பைக்குள் வைத்தாலும் ஸ்கேனரில் தெரியும். பிள்ளையின் பையில் கண்டால் பேச்சு இன்னும் கடுமையாகும். பில்லை ஃபோனில் வைத்திருங்கள், பெறுமதி பற்றிய பேச்சு அதோடு முடியும்.

பிந்தி வந்த பெட்டிக்குச் சுங்கச் சோதனைக்காக நேரில் வரச் சொல்வதுண்டு. பாஸ்போட், பி.ஐ.ஆர்., பெட்டித் திறப்பு மூன்றும் வேண்டும். யாழ்ப்பாணமோ மட்டக்களப்போ போகவிருப்பவர்கள், அங்கே கொண்டுவந்து தருவார்களா, அல்லது வேறொருவர் எடுக்க அதிகாரக் கடிதம் போதுமா என்று மேசையை விட்டு விலகுமுன் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கப்பலிலோ கார்கோவிலோ தனியாக வரும் பொதி வேறு கதை. அதற்குச் சுங்க முகவர் ஒருவரைப் பிடியுங்கள். அவருக்குக் கொடுக்கும் கட்டணம், களஞ்சியத்தில் நாள்வாரியாக ஏறும் வாடகையைவிடக் குறைவாகவே முடியும்.